காயாத தலை

மூன்று நாளாகக் கிளெர்மீஸின் தலை காயவில்லை.

சனிக்கிழமை தலைக்குக் குளித்து, மாடி வெயிலில் உட்கார்ந்து நன்றாகக் காயவைத்து, கறுப்பு விளக்கெண்ணெய் தடவிப் பின்னிக்கொண்டாள். எப்போதும் செய்வதுதான். அன்று சாயங்காலத்திலிருந்துதான் சீப்பு ஈரமாக வர ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை எழுந்தபோது தலையணை நனைந்து கிடந்தது. திங்கட்கிழமை வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டிருக்கையில், பின்னங்கழுத்திலிருந்து ஒரு சொட்டு கிளம்பிச் சட்டைக்குள் புகுந்து, முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவிலும் நின்று நின்று இடுப்புவரை இறங்கியது. ஜூன் மாத வெயிலில், நாற்பது பெண்பிள்ளைகள் வேர்த்து வழிகிற அறையில், அந்த ஒரு சொட்டுக்கு மட்டும் எங்கிருந்து அப்படியொரு குளிர் வந்தது?

வியர்வை என்று முடிவுகட்டினாள். ஐம்பத்திரண்டு வயதில் யாருக்குத்தான் வியர்க்காது? பிறகு எண்ணெய் விற்றவள்மேல் பழியைப் போட்டாள். கலப்படம் செய்திருப்பாள், திருட்டுச் சிறுக்கி. காரணம் கண்டுபிடிப்பதில் கிளெர்மீஸ் கெட்டிக்காரி. தலைநகரில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளியில் இருபத்தெட்டு வருஷமாகப் பிரெஞ்சு சொல்லிக்கொடுப்பவள் ஆயிற்றே. எந்தப் பெண்ணாவது வாய்தவறி வீட்டுப் பேச்சான கிரெயோலில் ஒரு வார்த்தை பேசிவிட்டால் போதும், அடிக்கமாட்டாள், திட்டமாட்டாள். நாக்கைப் பல்லோடு ஒட்டவைத்துக் காற்றை உள்ளே இழுத்து, "த்ச்ச்சு" என்பாள். ஊரில் எல்லோரும் போடுகிற சத்தம்தான் அது. ஆனால் அவள் போட்டால் அதற்கு ஒரு நீளம் உண்டு. அந்தப் பெண் மாலைவரை தலை நிமிர மாட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை, பிறந்த ஊரான லெயோகானுக்குப் போகும் டாப்-டாப் வண்டியில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தபோதும் அவள் தலை ஈரமாகத்தான் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மீன்காரி இரண்டு தடவை தன் தோளைத் துடைத்துக்கொண்டாள். மூன்றாவது தடவை வாயைத் திறந்தாள்.

"ஏம்மா, தலைய துவட்டிட்டு வரக்கூடாதா? என் மேலெல்லாம் சொட்டுது பாரு. ஆத்துத்தண்ணி நாத்தம் வேற!"

மீன்காரிக்கு நாற்றமாம்! "த்ச்ச்சு" என்றாள் கிளெர்மீஸ். மீன்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் அந்த வாடை கிளெர்மீஸுக்கும் அடித்தது. அவள் ஊரில், வாழைத்தோப்புக்குப் பின்னால் மொமான்ஸ் ஆறு தேங்கி நிற்கும் மடுவில், காலை வைத்தால் முழங்கால்வரை இழுக்கும் கறுப்புச் சேறு இருக்கிறதே, அந்தச் சேற்றின் வாடை. கூந்தல் வேரிலிருந்து வந்தது.

கைப்பையைத் திறந்து பார்த்தாள். வெள்ளைக் கைக்குட்டையில் கட்டிய சின்னப் பொட்டலம் அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. எல்லாம் இந்தச் சனியனுக்காகத்தானே இந்தப் பயணம்.

சமாச்சாரம் இதுதான். அவள் அம்மா ஓர்தான்ஸ் போன வருஷம் புனித அருளப்பர் திருநாளுக்கு முந்தின நாள் செத்துப்போனாள். ஊரெல்லாம் முச்சந்தியில் விறகு அடுக்கிச் சொக்கப்பனை கொளுத்துகிற சாயங்காலம். செத்தவர்கள் ஒரு வருஷமும் ஒரு நாளும் தண்ணீருக்கடியில் கிடப்பார்கள் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. கெடு முடிந்த அன்று சொந்தக்காரர்கள் கூப்பிட்டு மேலே ஏற்றி, பேசக் கேட்டு, மண்சாடியில் குடிவைக்க வேண்டும். கூப்பிட ஆளில்லையென்றால் அங்கேயே, குளிரிலேயே கிடக்க வேண்டியதுதான். அடையாளத்துக்கு, செத்தவர் தலைமுடியில் கொஞ்சமும் கைந்நகமும் வெட்டி எடுத்து, மூத்த பிள்ளையிடம் கொடுத்துவைப்பார்கள். ஊர்ப் பூசாரியம்மாள் மாம்போ சிலியானா, பிணத்தைக் குளிப்பாட்டியபின் அப்படியொரு பொட்டலம் கட்டிக் கிளெர்மீஸ் கையில் வைத்தாள்.

"பத்திரம், கண்ணு. உங்கம்மா இதுல இருக்கா."

பத்திரமாவது! தலைநகரில் வண்டியைவிட்டு இறங்கியதும் முதல் வேலையாகச் சாக்கடையில் வீசினாள். செத்தவள் நகத்தைப் படித்தவர்கள் வீட்டில் எங்கே வைப்பது, சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்திலா? பொட்டலம் கொஞ்ச நேரம் மிதந்து, அப்புறம் முங்கிப்போனது. அவள் கையைக் கழுவிக்கொண்டாள். அத்தோடு மறந்துவிட்டாள்.

தங்கச்சி தியூலா மறக்கவில்லை. அம்மா இடது கால் இழுத்துக்கொண்டு படுத்த படுக்கையாக இருந்த பதினொரு வருஷமும் பக்கத்திலிருந்து பீ, மூத்திரம் அள்ளியவள் அவள். அன்றைக்குச் சொக்கப்பனைக்கு விறகு எடுக்க அரை மணி நேரம் வெளியே போனாள். திரும்பி வருவதற்குள் கிழவி போய்விட்டாள். அந்த அரை மணி நேரம் தியூலாவின் நெஞ்சைவிட்டு இறங்கவே இல்லை. ஒரு வருஷமாக ஃபோனில் ஒரே பாட்டு.

"ஒரே ஒரு வார்த்தை, அக்கா. என்மேல கோவம் இல்லன்னு அம்மா வாயால ஒரு வார்த்தை கேட்டாப் போதும். பொட்டலம் பத்திரமா இருக்குல்ல?"

"இருக்கு, இருக்கு."

அதனால் சனிக்கிழமை சாயங்காலம் கிளெர்மீஸ் கண்ணாடி முன் நின்று, காதுக்குப் பின்னால் நரைத்த முடியாகப் பார்த்து ஒரு கொத்து வெட்டினாள். பத்து விரல் நகத்தையும் வெட்டினாள். கைக்குட்டையில் வைத்துக் கட்டினாள். அம்மாவுக்கும் நரை, தனக்கும் நரை. முடியில் என்ன, பேரா எழுதி ஒட்டியிருக்கிறது? படிக்காத ஜனங்கள். கழுதை வால்மயிரைக் கொடுத்தாலும் கும்பிட்டு வாங்கிக்கொள்ளும்.

வண்டி கரும்புக் காட்டோரம் நின்றது. தியூலா வெள்ளைப் பாவாடையும் வெள்ளைத் தலைக்கட்டுமாக வெயிலில் காத்துக்கொண்டிருந்தாள். அக்காவைக் கட்டிக்கொண்டவள் சட்டென்று கையை எடுத்துவிட்டுப் பார்த்தாள். உள்ளங்கை நனைந்திருந்தது.

"என்னக்கா இது? ஆத்துல விழுந்தியா?"

"வேர்வை. நட, நட. சாயங்காலம் கடைசி வண்டியைப் பிடிக்கணும் நான்."

"ராத்திரி தங்க மாட்டியா? அம்மா வர்ற அன்னிக்கே கிளம்புறியே!"

கிளெர்மீஸ் நடந்துகொண்டே சுண்டுவிரலால் காதைக் குடைந்தாள். காது அடைத்துக்கொண்டிருந்தது. முங்கிக் குளித்துவிட்டு எழுந்தால் அடைக்குமே, அந்த மாதிரி. தியூலாவின் பேச்சு தூரத்திலிருந்து வந்தது. முச்சந்தியில் நேற்றைய சொக்கப்பனைச் சாம்பல் இன்னும் புகைந்தது. அதைத் தாண்டும்போது சாம்பல்மேல் அவள் தலையிலிருந்து இரண்டு சொட்டு விழுந்து, "சுர்ர்" என்றது. அவள் நடையைக் கூட்டினாள்.

கோயில் என்றால் கோபுரமா, மணியா? தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. நடுவில் சாயம் பூசிய ஒரு கம்பம். மண் தரையில் சோளமாவால் பெரிய கோலம் போட்டிருந்தார்கள். துளசி கசக்கிய வாசனையும், கரும்புச் சாராய நெடியும், வெயிலில் காய்ந்த தகரத்தின் சூடும் கலந்து முகத்தில் அடித்தன. முப்பது, நாற்பது பேர் வெள்ளையுடுத்தி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மூலையில் நாலு கம்பு நட்டு, வெள்ளைத் துணியைச் சுற்றிலும் கட்டி, ஓர் ஆள் நுழைகிற அளவுக்குக் கூடாரம் அமைத்திருந்தார்கள். உள்ளே தண்ணீர்த்தொட்டி இருப்பது துணியில் ஆடிய வெளிச்சத்தில் தெரிந்தது. எல்லாம் தெரிந்த கூத்துதான். மாம்போ உள்ளே போய்க் குரலை மாற்றிப் பேசுவாள். வெளியே இருக்கிற முட்டாள்கள் அழுவார்கள். சந்தையில் பொம்மையைப் பேசவைப்பவன்கூட இதைவிட நன்றாகச் செய்வான்.

மாம்போ சிலியானா அவளைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். கட்டையான, கறுத்த பெண்பிள்ளை. கையில் மணி கோத்த சுரைக்குடுக்கை. பொட்டலத்தை வாங்கினாள். உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பதுபோல ஆட்டினாள். முகம் மாறியது.

"ஈரமா இருக்கே."

"மழையில் நனைஞ்சிருக்கும்."

"மழையா? ஒரு மாசமா எங்க பேஞ்சுது?" மாம்போ பொட்டலத்தை மூக்கருகே கொண்டுபோனாள். "செத்தவங்க முடி ஒரு வருஷத்துல சருகாக் காஞ்சிரும், கண்ணு. கையில எடுத்தா கனமே இருக்காது. இது கனக்குது. இது உங்கம்மாவோடதுதானா?"

சுற்றியிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். தியூலா கையைப் பிசைந்துகொண்டு அக்கா முகத்தையே பார்த்தாள்.

"அம்மாவோடதுதான்" என்றாள் கிளெர்மீஸ்.

மாம்போ அவளைத் தனியே தூண் ஓரமாக இழுத்துப்போனாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பாரு, தொலஞ்சு போயிருந்தா தொலஞ்சு போச்சுன்னு சொல்லிரு. எத்தனை பேருக்கு நடந்திருக்கு! எலி தின்னுரும், வீடு எரிஞ்சிரும். அதுக்கு வேற வழி இருக்கு. இன்னொரு வருஷம் பொறுக்கணும், அவ்வளவுதான். யாரும் உன்னைத் திட்ட மாட்டாங்க. ஆனா மாத்தி வச்சிட்டு மட்டும் சும்மா இருந்திராத. பேரு ஒருத்தரோடது, முடி ஒருத்தரோடதுன்னா, அங்க கீழ ஆள் மாறிப்போயிரும். அப்புறம் என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, கிளெர்மீஸ் தயங்கினாள். சொல்லிவிடலாமா? கழுத்துக்குப் பின்னால் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது. சொல்லிவிட்டால் தலை காய்ந்துவிடும் என்று, எங்கிருந்தோ, ஒரு நினைப்பு வந்தது.

அந்த நினைப்புத்தான் அவளைச் சீண்டிவிட்டது. என்ன இது? தன் பெயரை எழுதத் தெரியாத ஒரு பொம்பளை, நாற்பது பேர் பார்க்க, தன்னைத் தூணோரம் நிறுத்திவைத்து விசாரிப்பதா? பள்ளிக்கூடத்தில் பொய் சொன்ன பிள்ளையையா நிறுத்திவைத்திருக்கிறாள்?

"நேரமாகுது" என்றாள் விறைப்பாக. "அம்மாவோடதுதான்னு சொன்னேன்ல. ஆரம்பிக்கிறதா இருந்தா ஆரம்பிங்க."

மாம்போ பொட்டலத்தோடு திரும்பிப் போனாள்.

மேளம் தொடங்கியது. முதலில் போன வருஷம் செத்த தச்சர் ஓக்சிலியுஸை எடுத்தார்கள். மாம்போ புத்தம்புது மண்சாடி ஒன்றை எடுத்துக்கொண்டு கூடாரத்துக்குள் நுழைந்தாள். மேளம் நின்றது. குடுக்கை மட்டும் கலகலத்தது. தண்ணீர் குமிழியிட்டது. பிறகு ஒரு கிழட்டு இருமல் கேட்டது.

"எவண்டா என் உளிய எடுத்தது?"

கொட்டகையே சிரித்தது. தச்சரின் பெண்டாட்டி சிரித்துக்கொண்டே அழுதாள். "நான் யாருக்கும் குடுக்கலைங்க, பெட்டியிலதான் இருக்கு" என்று துணியைப் பார்த்துக் கும்பிட்டாள். "சரி, சரி, அழாத. சாப்டியா? இளைச்சிட்டியே. கூரையில ஓட்டை இருக்கு பாரு, மேக்கால மூலையில" என்றது குரல். அதற்கும் சிரிப்பு.

அசடுகள். கிளெர்மீஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மணி மூன்று. கண்ணாடிக்கு உள்பக்கம் தண்ணீர் கோத்திருந்தது. முள் நின்றிருந்தது. காதில் இரைச்சல் கூடியது. சிரிப்புச் சத்தம் எல்லாம் ஆழத்திலிருந்து வந்தது. கால்மாற்றி நின்றபோது செருப்புக்குள் சதசதவென்றது. குனிந்து பார்த்தாள். அவள் நின்ற இடத்தில் சோளமாக் கோலம் கரைந்து, மண் கறுத்துக் குழைந்திருந்தது. சுற்றிலும் தரை பொரிகிற சூட்டில் காய்ந்து கிடந்தது.

"ஓர்தான்ஸ் வீட்டுக்காரங்க வாங்க."

தியூலா அவள் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள். தியூலாவின் கை கொதித்தது. இல்லை, தன் கைதான் அவ்வளவு ஜில்லென்றிருக்கிறது. தியூலா ஒரு தட்டில் வெல்லம் போட்ட கறுப்புக் காப்பியும், அம்மாவின் பழைய சால்வையும் கொண்டுவந்திருந்தாள்.

மாம்போ பொட்டலத்தைப் பிரித்தாள். சாடியின் வாய்க்குமேல் பிடித்தாள். கொட்டவில்லை. தலையை நிமிர்த்திக் கிளெர்மீஸைப் பார்த்தாள். மூன்றாவது முறையாகக் கேட்டாள்.

"கொட்டட்டுமா?"

கிளெர்மீஸ் உதட்டைச் சுழித்தாள். "கொட்டுங்க."

முடி உதிரும்போது சத்தம் வருமா? வந்தது. ஈரத்துணி தரையில் விழுவதுபோல, 'தொப்'பென்று.

மாம்போ சாடியை எடுத்துக்கொண்டு கூடாரத்துக்குள் போனாள். குடுக்கை கலகலத்தது. "ஓர்தான்ஸ்! ஏ, ஓர்தான்ஸ்! உன் பிள்ளைங்க வந்திருக்காங்க, மேல வா." தண்ணீர் அசையவில்லை. மறுபடி கூப்பிட்டாள். தியூலா மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் "அம்மா, அம்மா" என்று முணுமுணுத்தது. மூன்றாவது முறை கூப்பிட்டபோது தண்ணீர் புரண்டது. குமிழி வரவில்லை. பெரிதாக ஏதோ உடம்பு திரும்பிப் படுத்ததுபோல ஒரு புரளல்.

எவ்வளவு நேரம்தான் இழுப்பாள் இவள்? கிளெர்மீஸுக்குப் பொறுமை போயிற்று. நாக்கைப் பல்லில் ஒட்டவைத்தாள். காற்றை இழுத்தாள்.

வாயிலிருந்து சத்தம் வரவில்லை.

கூடாரத்துக்குள்ளிருந்து வந்தது.

"த்ச்ச்ச்சு."

நீளமாக. நிதானமாக. நாற்பது பேர் கேட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. தியூலா மெல்லத் தலையைத் திருப்பினாள்.

"அக்கா... நீயா போட்ட?"

நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். "நான் இல்ல" என்றது கூடாரம். அவள் குரல். அச்சு அசலாக அவள் குரல், வகுப்பறைக் குரல், ஒவ்வோர் எழுத்தையும் கடித்துத் துப்புகிற அந்தக் குரல். இது என்ன வித்தை, இவள் எப்படி என் குரலை, என்று அவள் நினைத்தாள். நினைக்கத்தான் செய்தாள். "இது என்ன வித்தை? இவ எப்படி என் குரலை?" என்றது கூடாரம்.

துணி விலகியது. மாம்போ வெளியே வந்தாள். வெறுங்கையோடு வந்தாள். வேர்வையில் குளித்திருந்தாள்.

"நான் பேசலை" என்றாள் கூட்டத்தைப் பார்த்து. "நான் வாயே திறக்கலை." பிறகு கிளெர்மீஸைப் பார்த்தாள். "யாரோட முடி அது?"

உள்ளே ஆளில்லை. துணிக்குப் பின்னால் வெறும் தொட்டியும் சாடியும். அங்கிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது. அவள் எதை அடக்க நினைத்தாளோ அதெல்லாம் ஒன்றுவிடாமல் வந்தது.

"படிக்காத ஜனங்கள். கழுதை வால்மயிரைக் குடுத்தாலும் கும்பிடும். சாக்கடையில போட்டேன். ஆமா, போட்டேன். கொஞ்ச நேரம் மிதந்துது. தியூலா ஒரு அசடு. ஃபோன் பண்ணிப் பண்ணி அழுவா. கிழவி செத்ததே நிம்மதி."

தியூலாவின் கையிலிருந்த தட்டு சாய்ந்தது. காப்பி மண்ணில் ஊறியது.

கிளெர்மீஸ் இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். வாயில் என்ன இருக்கிறது பொத்துவதற்கு? விரலிடுக்கில் தண்ணீர் வழிந்தது. கலங்கல் தண்ணீர். சேறு. ஓட வேண்டும். கால் வரவில்லை. கீழே பார்த்தாள். கால் தெரிந்தது, அவ்வளவுதான். அது அவளுடையது என்று தோன்றவில்லை. யாரோ ஒருத்தியின் செருப்பு. வாயைப் பொத்திய விரலில் யாரோ ஒருத்தியின் வெட்டிய நகம்.

"என்னை வெளிய எடுங்க" என்றது கூடாரம். இப்போது அந்தக் குரலில் வகுப்பறை இல்லை. "தியூலா! தியூலா, எனக்குக் கண்ணு தெரியலடி. இருட்டா இருக்கு. கொட்டினதை எடு. மாம்போ, எடுங்க. கால்ல விழறேன்."

மாம்போ உள்ளே ஓடினாள். சாடிக்குள் கைவிட்டுத் துழாவும் சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் துழாவினாள். சாடியோ முழங்கை ஆழம்கூட இல்லை. அவள் கை தோள்வரைக்கும் போயிருந்தது.

"எட்டல" என்றாள் மாம்போ.

அந்தக் கை தன் தலைக்கு மேலே, உயரத்தில், தடவித் தடவித் தேடுவதைக் கிளெர்மீஸ் பார்த்தாள்.

கீழேயிருந்து பார்த்தாள்.

தலைக்கு மேலே வட்டமாக வெளிச்சம். சுற்றிலும் தண்ணீர். குளிர். எத்தனை குளிர்! காலுக்கடியில் தரை இல்லை. பக்கத்தில் யாரோ உரசிக்கொண்டு மேலே போனார்கள். மெலிந்த உடம்பு. இடது காலை இழுத்து இழுத்துப் போனது. அவளை நின்று பார்க்கவில்லை. வெளிச்சத்துக்குப் போனது.

மேலே, கொட்டகையில், வாயைப் பொத்திக்கொண்டு நின்ற உடம்பு கையைக் கீழே இறக்கியது. பெருமூச்சு விட்டது. இடது காதுமடலைப் பிடித்து இழுத்துவிட்டுக்கொண்டது. ஓர்தான்ஸ் பேச ஆரம்பிக்குமுன் எப்போதும் அப்படித்தான் இழுத்துக்கொள்வாள்.

"தியூலா" என்றது அந்த உடம்பு. கிழவியின் கரகரத்த குரல். "குளிருதுடி. ஒரு வருஷமாக் குளிருது. அந்தச் சால்வையப் போத்து."

யாரும் அசையவில்லை. தியூலா மட்டும் ஓரடி எடுத்துவைத்தாள். நின்றாள்.

"அம்மாவா?"

"வேற யாரு? விறகுக்குப் போனியே, கிடைச்சுதா? நான் உன்னைத் தேடலடி. வெளியில போய்க் கொஞ்சம் காத்து வாங்கட்டும்னுதான் நெனச்சேன். பதினொரு வருஷமா அந்த ரூமுக்குள்ளயே கெடந்தியே, பாவம். அழாத."

தியூலா அழுதாள். மண்ணில் மண்டியிட்டு, அந்த இடுப்பைக் கட்டிக்கொண்டு, தொண்டை கிழிய அழுதாள். ஒரு வருஷ அழுகை. சாடிக்குள் குரல் கத்திக்கொண்டே இருந்தது. "அது நான்! அது என் உடம்பு! தியூலா, நான் உங்கக்காடி!"

மாம்போ சாடியை வெளியே எடுத்துவந்தாள். இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு தியூலாவின் முன்னால் நின்றாள்.

"சாடிய மூடாத வரைக்கும் வழி இருக்கலாம்" என்றாள் மெதுவாக. "எனக்கு நிச்சயமாத் தெரியாது. உங்கம்மா திரும்பிப் போகச் சம்மதிச்சா, ஒருவேள. சாடி வாயில துணிய இப்பக் கட்டவா, கட்ட வேணாமா? நீதான் சொல்லணும். இங்க வேற சொந்தம் யாருமில்ல."

தியூலா தலையை நிமிர்த்தினாள். முகமெல்லாம் கண்ணீரும் சளியுமாக இருந்தது. சாடியைப் பார்த்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். வட்டமான வெளிச்சத்தில் அவள் முகம் வந்து நின்றது. பெரிதாக. மிக அருகில்.

தங்கச்சி. என் தங்கச்சி. அவள் பார்க்கிறாள். அவளுக்குத் தெரியும். அவள் விடமாட்டாள். அவள் நல்லவள். அசடு. நல்லவள்.

"அசடு" என்றது சாடி. "நல்லவ."

தியூலா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, அவள் வாழ்நாளில் யாரிடமும் செய்யாததைச் செய்தாள். நாக்கைப் பல்லோடு ஒட்டவைத்தாள். காற்றை உள்ளே இழுத்தாள்.

"த்ச்ச்சு."

முகம் விலகியது. "கட்டுங்க" என்ற குரல் மட்டும் கேட்டது.

வட்டத்தின் விளிம்பில் வெள்ளைத் துணி வந்தது. துணியைப் பிடித்திருந்த கைகளில் நகம் ஒட்ட வெட்டியிருந்தது. கிளெர்மீஸ் அந்தக் கைகளைப் பார்த்தாள். அவற்றுக்கு மேலே தன் முகத்தைப் பார்த்தாள். கிழவிக்குப் பல் போன இடத்தில் உதடு எப்படி உள்ளே மடங்குமோ, அப்படியே மடித்துக்கொண்டு அது சிரித்தது. சால்வை போர்த்தியிருந்தது. துணியை இழுத்துக் கட்டக் குனிந்தபோது பின்னல் அவிழ்ந்து, முடி முழுக்க முன்னால் சரிந்து விழுந்து, வெளிச்சத்தை மறைத்தது.

ஒரு சொட்டுகூட விழவில்லை. முடி நன்றாகக் காய்ந்திருந்தது.